மர்ஃபி என்ற பெயர் வந்த வழி: ஐரிஷ் குடும்பப் பெயர்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

வானொலிப் பெட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘மர்ஃபி’ என்றவுடன், உதட்டில் விரல் வைத்திருக்கும் குழந்தையின் விளம்பரப் படம்தான் நினைவுக்கு வரும். அந்த நிறுவனம் இங்கிலாந்தில் 1929-இல் தொடங்கப்பட்டதால், தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிராங்க் மர்ஃபியின் பெயரும் ஆங்கிலப் பெயர்தான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டோம். உண்மையில் மர்ஃபி என்பது அயர்லாந்திலேயே மிகப் பரவலான குடும்பப் பெயர். அதன் மூலம் ஆங்கிலத்தில் இல்லை, ஐரிஷ் மொழியில் இருக்கிறது.

ஐரிஷ் பெயர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றில் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘ஓ’பிரையன்’ என்பதில் உள்ள ‘ஓ’ ஆங்கில ‘ஆஃப்’ என்பதன் சுருக்கம் என்கிறார்கள். ‘மெக்’ என்றால் அயர்லாந்து, ‘மேக்’ என்றால் ஸ்காட்லாந்து என்று பிரிக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் உடையவர்கள் எல்லாரும் ஒரே வம்சம் என்று முடிவு கட்டுகிறார்கள். மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதை மர்ஃபி என்ற ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

தந்தை பெயரும் குடும்பப் பெயரும்

நம் வழக்கத்திலிருந்தே தொடங்குவோம். கந்தசாமியின் மகன் முருகேசன் என்றால் அவர் ‘க. முருகேசன்’. முருகேசனின் மகள் செல்வி ‘மு. செல்வி’. தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறுகிறது. இப்படித் தந்தையின் பெயரைச் சேர்த்து ஒருவரை அடையாளப்படுத்துவதைத் தந்தைவழிப் பெயர் என்கிறோம். குடும்பப் பெயர் அப்படி மாறுவதில்லை. பாட்டனுக்கு என்ன பெயரோ அதுவே கொள்ளுப்பேத்திக்கும் வரும்.

அயர்லாந்திலும் முதலில் இருந்தது தந்தைவழிப் பெயர்தான். ஒருவரை ‘பிரையன், கென்னடியின் மகன்’ என்று அழைப்பார்கள்; அவருடைய மகனை ‘இன்னார், பிரையனின் மகன்’ என்பார்கள். தேவைப்பட்டால் பாட்டன் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். பத்தாம் நூற்றாண்டு முதல் இந்த வழக்கம் மெல்ல மாறியது. புகழ்பெற்ற ஒரு மூதாதையின் பெயர், அவருக்குப் பின் வந்த எல்லாத் தலைமுறைகளுக்கும் ஒட்டிக்கொண்டு, அதற்குமேல் மாறாமல் உறைந்துவிட்டது.

இந்த மாற்றத்துக்கு முதல் சான்றாகப் பொதுவாகச் சுட்டப்படுவது, கால்வே பகுதியில் ஆட்சி செய்து 916-இல் இறந்த ‘உவா கிளேரிக்’ என்ற பெயருடைய தலைவர். இன்று ‘ஓ’கிளேரி’, ‘கிளியரி’ என்று வழங்குவது அந்தப் பெயரே. 1014-இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த பேரரசன் பிரையன் போரு ஆணையிட்டுத்தான் ஐரிஷ் மக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள் என்றொரு கதை உண்டு. பிரையன் பிறப்பதற்கு முன்பே குடும்பப் பெயர் தலைகாட்டிவிட்டது என்பதால் அந்தக் கதை நிற்காது. யாரும் ஆணையிடாமல், நிலமும் பட்டமும் வைத்திருந்த குடும்பங்களில் தொடங்கி இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் பரவிய வழக்கம் அது.

ஒரு பெயர் உறைந்துவிட்டதா, இன்னும் தந்தைவழிப் பெயராகவே இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு மர்ஃபியின் வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் லென்ஸ்டர் நாட்டை ஆண்டவன் டியர்மாட் மக் முர்ஹதா. ‘மக் முர்ஹதா’ என்றால் ‘முர்ஹத்தின் மகன்’. ஆனால் டியர்மாட்டின் தந்தை பெயர் முர்ஹத் அல்ல, டோன்ஹத். தந்தை ஒருவராக இருக்க, வேறொருவரின் மகன் என்று ஒரு மன்னனை ஊரே அழைத்தது என்றால், அதற்குள் ‘மக் முர்ஹதா’ என்பது சொற்பொருளை இழந்து குடும்பப் பெயர் ஆகிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஓ, மக் என்ற இரு சொற்கள்

மர்ஃபிக்கு மூலமான ‘முர்ஹத்’ ஆண்களுக்கு இடப்பட்ட பழைய பெயர். ‘முயிர்’ என்றால் கடல், ‘கஹ்’ என்றால் போர். இரண்டும் சேர்ந்து கடலில் போர் புரிபவன் என்ற பொருளைத் தருகின்றன. இதிலிருந்து ‘ஓ முர்ஹதா’, ‘மக் முர்ஹதா’ என்ற இரு குடும்பப் பெயர்கள் பிறந்தன. கடைசியில் வரும் ‘ஆ’ ஒலி நம் ஆறாம் வேற்றுமை உருபைப் போன்றது. முருகன் ‘முருகனின்’ ஆவதைப் போல முர்ஹத் ‘முர்ஹதா’ ஆகிறது.

‘மக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன், விரிந்த பொருளில் வழித்தோன்றல். ‘உவா’ என்ற பழைய சொல்லே சுருங்கி ‘ஓ’ ஆயிற்று. ஐரிஷில் இது தனியே நிற்கும் முழுச்சொல். அதன் தலைமேல் ஒரு சாய்கோடு இருக்கும். நாம் ஒகரத்தையும் ஓகாரத்தையும் வேறுபடுத்துவதுபோல, இந்த எழுத்து நெடில் என்று காட்டும் குறி அது. ஆங்கிலத்தில் எழுதியபோது அந்தக் கோடு மறைந்து, எழுத்துக்குப் பக்கத்தில் மேற்புள்ளி ஒன்று முளைத்தது. அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் ஏதோ ஒரு சொல்லின் சுருக்கம் என்று மக்கள் நினைக்கிறார்கள். அங்கே எதுவும் சுருக்கப்படவில்லை.

சுருக்கப்பட்டது வேறொன்று. ‘மக்’ என்பதன் ஆங்கில வடிவமான ‘மேக்’ என்பதை எழுத்தர்கள் விரைவாக எழுதும்போது நடு எழுத்தை விட்டுவிட்டு எழுதியதே ‘மெக்’. அயர்லாந்து, ஸ்காட்லாந்து இரண்டிலும் இரு வடிவங்களும் உண்டு. ஒரே குடும்பத்தில் அண்ணன் பதிவில் ஒன்றும் தம்பி பதிவில் மற்றொன்றும் இருப்பது சாதாரணம்.

தமிழ் வாசகர் இங்கே ஒரு கணம் நிற்பார். ‘மக்’ என்பது நம் ‘மகன்’ போலவே இருக்கிறதே, ‘முர்ஹத்’ என்பதில் முருகு ஒலிக்கிறதே என்று தோன்றும். இந்த ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாடும் பதிவுகளை நானும் பார்த்திருக்கிறேன். தமிழின் மேல் உள்ள அன்பில் எழுதப்படுபவை அவை. ஆனாலும் ஏற்க இயலவில்லை. அயர்லாந்தில் கல்லின் விளிம்பில் கோடு கோடாகப் பொறித்த ஓகம் எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இச்சொல் ‘மக்வி’ என்ற பழைய வடிவில் வருகிறது. அதில் இருந்த ‘க்வ’ ஒலி, ஐரிஷின் உறவு மொழியான வேல்ஷில் ‘ப’ ஆகிவிட்டது. அங்கே மகனுக்கு ‘மாப்’, பின்னர் ‘மாப்’ தேய்ந்து ‘ஆப்’. வேல்ஸ் நாட்டின் ‘பவல்’ என்ற குடும்பப் பெயர் ‘ஆப் ஹவல்’ என்பதன் திரிபு. பழைய வடிவத்துக்குப் போகப் போக நம் சொல்லிலிருந்து விலகிச் செல்வதால், இன்றைய ஒலி ஒற்றுமை தற்செயலானது என்பது தெளிவு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால், ஐரிஷ் குடும்பப் பெயரில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ‘ஓ’ அல்லது ‘மக்’ என்பது உறவைச் சொல்கிறது. அடுத்து வருவது, என்றோ வாழ்ந்த ஒரு மூதாதையின் பெயர், வேற்றுமை உருபோடு.

முதல் எழுத்து மாறும் மொழி

‘அந்த’ என்பதோடு ‘பையன்’ சேரும்போது இடையில் ஒரு ‘ப்’ தோன்றி ‘அந்தப் பையன்’ என்று ஆகிறதல்லவா? முன் நிற்கும் சொல் அடுத்த சொல்லின் தொடக்கத்தைத் தொடுகிறது. ஐரிஷ் மொழியிலும் இத்தகைய புணர்ச்சி உண்டு, ஆனால் அங்கே வருமொழியின் முதல் எழுத்தே மாறிவிடும். இதை முதலெழுத்துத் திரிபு என்று அழைப்போம்.

‘ஓ’ என்பதற்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் வந்தால் இடையில் ‘ஹ’ ஒலி நுழையும். ‘ஓ’ஹாரா’ என்ற பெயரில் மூதாதையின் பெயர் உயிரெழுத்திலேதான் தொடங்கியது. ‘ஹ’ புணர்ச்சியில் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் ‘ஓ’ உதிர்ந்தபோதும் அந்த ‘ஹ’ போகவில்லை. ஹோகன், ஹிக்கி, ஹிகின்ஸ் என்று ஐரிஷ் பெயர்கள் பல ஹகரத்தில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘மக்’ என்பதிலும் இதே கதைதான். ‘மக்’ உதிர்ந்தபோது அதன் ககரம் மட்டும் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டதால், ஈகன், கீகன் என்று இன்று இரண்டாகத் தெரிபவை மூலத்தில் ஒரே பெயர். புகழ்பெற்ற ‘கின்னஸ்’ என்ற பெயரின் முதல் ஒலியும் ‘மக்’ விட்டுச் சென்ற எச்சமே. மூதாதையின் பெயர் ‘ஏங்கஸ்’. உயிரெழுத்தின் முன் ‘மக்’ என்பதன் ககரம், ‘தங்கம்’ என்பதில் வருவதுபோல மென்மையாகி, அந்த ஒலி ஏங்கஸின் தலையில் ஏறிக்கொண்டது.

பெண்களின் பெயரில் இந்தத் திரிபு இன்னும் துலக்கமாகத் தெரியும். ‘ஓ’ என்பது பேரன் என்று பொருள்படும் ஆண்பாற் சொல்லாதலால், ஒரு பெண் ‘ஓ முரஹூ’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. (இருபதாம் நூற்றாண்டில் எழுத்து எளிதாக்கப்பட்ட பின், ஓ முர்ஹதா இப்போது ஓ முரஹூ.) மகள் ‘நீ வுரஹூ’ ஆவாள். ‘நீ’ என்பது ‘வழித்தோன்றலின் மகள்’ என்னும் தொடரின் சுருக்கம். அதற்குப் பின் மகரம் மெலிந்து வகரமாக ஒலிக்கிறது. மனைவி கணவரின் பெயரை ஏற்றால் ‘பான் ஈ வுரஹூ’. ஆக, அப்பா, அம்மா, மகள் மூவரின் பெயரும் மூன்று விதம். ஆங்கிலப் பதிவேடு மூவரையும் ‘மர்ஃபி’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டது. மகள், மனைவி என்ற உறவைப் பெயரே சொல்லிக்கொண்டிருந்த ஒரு மொழியில் அந்தக் குரல் அடங்கிப்போனதை நான் சிறிய இழப்பாக நினைக்கவில்லை.

ஒரே பெயரில் பல குடிகள், ஒரே குடியில் பல பெயர்கள்

முர்ஹத் என்பது அக்காலத்தில் அரிய பெயர் அன்று. வெவ்வேறு பகுதிகளில் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பல முர்ஹத்துகள் வாழ்ந்தார்கள். அவர்களில் செல்வாக்குப் பெற்ற சிலரின் வழிவந்தோர் தனித்தனியே அந்தப் பெயரை ஏற்றார்கள். ஒரு மூதாதையின் வழிவந்து ஒரே பெயரைச் சுமக்கும் கூட்டத்தைக் குடி என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

கிழக்கே வெக்ஸ்ஃபர்டில் ஓ முர்ஹதா குடி ஒன்று வலுவாக இருந்தது. அதன் தலைமைக் கிளை ஆங்கிலத்தில் ‘ஓ’மொரோ’ போன்ற வேறொரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. தெற்கே கார்க் மாவட்டத்தின் மஸ்கெரி பகுதியில் மர்ஃபிகள் நிறைந்திருக்கிறார்கள். மேற்கே ஸ்லைகோ பக்கம் ஒரு குடி. வடக்கே டிரோன், ஆர்மா மாவட்டங்களில் இருந்தவர்களோ ‘ஓ’ அல்ல, ‘மக் முர்ஹதா’ குடியினர். இவர்கள் எல்லாரும் இன்று மர்ஃபிகள். கார்க் மர்ஃபியும் ஆர்மா மர்ஃபியும் ஒரு விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தால், பெயரைத் தவிர அவர்களை இணைக்க வேறொன்றும் இல்லாமலிருக்கலாம்.

இதற்கு நேர்மாறாக நடந்ததுதான் எனக்கு இந்தப் பொருளிலேயே மிகவும் பிடித்த பகுதி. முன்பு பார்த்த லென்ஸ்டர் மன்னன் டியர்மாட் 1166-இல் ஆட்சியை இழந்து கடல் கடந்து போய், இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் ஆதரவைப் பெற்றான். அவன் அழைப்பின்பேரில் 1169-இல் வெக்ஸ்ஃபர்ட் கரையில் நார்மன் வீரர்கள் வந்து இறங்கினார்கள். அயர்லாந்தில் ஆங்கில ஆட்சி வேர்விட்டது அங்கிருந்துதான். டியர்மாட் 1171-இல் இறந்தான். அவனுடைய மகன்களில் டோனல் என்பவன், தான் வளர்ந்த கோவிலின் புனிதரான கீவான் பெயரால் ‘கீவானக்’ என்று அழைக்கப்பட்டான். இன்னொரு மகன் ஏனா, ‘கின்சலாக்’ என்ற பழங்குலப் பெயரால் அறியப்பட்டான். இந்தப் பட்டப்பெயர்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு, ‘கவனா’ என்றும் ‘கின்செலா’ என்றும் தனிக் குடும்பப் பெயர்கள் ஆகிவிட்டன. பட்டப்பெயர் அடைமொழி ஆகையால் ‘ஓ’வும் இல்லை, ‘மக்’கும் இல்லை.

அப்படியானால் கவனா, கின்செலா, மேக்மரோ (‘மக் முர்ஹதா’வின் ஆங்கில வடிவம்) என்று மூன்று விதமாக எழுதப்படுபவர்கள் ஒரே மன்னன் வீட்டார். மர்ஃபி என்று ஒரே விதமாக எழுதப்படுபவர்களோ பல வீட்டார். எழுத்து ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்றும் அல்ல, வேறாக இருப்பது உறவின்மைக்குச் சான்றும் அல்ல.

நினைவுப்பொருள் கடைகளில் ‘மர்ஃபி குடும்பச் சின்னம்’ என்று விற்கப்படும் கேடயங்களை எப்படிப் பார்ப்பது என்பதும் இதிலிருந்தே விளங்கும். கேடயச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. ஒரு பெயரைச் சுமக்கும் எல்லாருக்கும் பொதுவான சின்னம் கிடையாது.

அயர்லாந்தில் பிறந்தவர்களின் பெயரெல்லாம் ஐரிஷ் மொழிப் பெயர் என்றும் கொள்ள வேண்டாம். ‘வால்ஷ்’ என்பது நார்மன்களோடு வந்த வேல்ஸ்காரர்களுக்கு அமைந்த பெயர். நமக்கு நன்கு தெரிந்த கால்டுவெல், 1814-இல் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் கிளாடி என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், பெயரும் அங்கிருந்து வந்ததே.

ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தது

முர்ஹதா எப்படி மர்ஃபி ஆனது? திருவல்லிக்கேணி ‘டிரிப்ளிகேன்’ ஆனதையும் தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’ ஆனதையும் பார்த்த நமக்கு இது எளிதில் விளங்கும். பெயரைச் சொல்பவர் ஒரு மொழிக்காரர். எழுதுபவர் வேறொரு மொழிக்காரர். தன் மொழியில் இல்லாத ஒலி காதில் விழும்போது, எழுதுபவர் கைக்கு அருகில் உள்ள எழுத்தை எடுத்துப் போடுகிறார். இப்படி ஐரிஷ் பெயர்களை ஆங்கில ஒலிக்கும் எழுத்துக்கும் ஏற்ப மாற்றியதை ஆங்கிலப்படுத்தல் என்கிறோம்.

முர்ஹதாவில் சிக்கலான ஒலி நடுவில் உள்ளது. ‘மகன்’ என்று நாம் சொல்லும்போது நடுவில் வரும் ககரம், ‘கல்’ என்பதன் ககரம் போல அழுத்தமாக இல்லாமல் காற்றோடு உரசி வருகிறதே, ஏறத்தாழ அந்த ஒலி. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இருந்து பின்னர் மறைந்துபோன ஒலி அது. மறைந்தபோது சில சொற்களில் ‘ஃப’ ஆனது, வேறு சிலவற்றில் ஓசையின்றித் தேய்ந்தது. சிரிப்பைக் குறிக்கும் ‘லாஃப்’ முதல் வகை. ‘த்ரூ’ என்ற சொல் இரண்டாம் வகை. ஐரிஷ் பெயர்களிலும் இதே இரு வழிகளைப் பார்க்கிறோம். ‘ஃப’ வழியில் போனால் மர்ஃபி. தேய்ந்த வழியில் போனால் மேக்மரோ, மாரோ. இது மர்ஃபிக்கு மட்டும் நேர்ந்ததன்று. டோன்ஹத் என்ற பெயரிலிருந்து ஒரு பக்கம் ‘டன்ஃபி’யும் மறுபக்கம் ‘டானஹூ’வும் வந்திருக்கின்றன.

ஒலியை மாற்றியதோடு நிற்காமல், பொருளையும் மொழிபெயர்த்தார்கள். டப்ளினைச் சுற்றி ஆங்கில ஆட்சி நடந்த நான்கு மாவட்டங்களில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள், ஏதேனும் ஓர் ஊர், நிறம், தொழில் அல்லது பதவியின் ஆங்கிலப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ள வேண்டும் என்று 1465-இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் உடனே எல்லாரையும் மாற்றிவிடவில்லை. ஆனாலும் மொழிபெயர்க்கும் வழக்கம் பின்னாளில் பரவியது. கொல்லனின் மகன் என்று பொருள்படும் ‘மக் கவன்’, கேவன் மாவட்டத்தில் ‘ஸ்மித்’ ஆனது. அது சரியான மொழிபெயர்ப்பு. ‘மக் கொன்ரீ’ என்ற குடியினரோ, பெயரின் கடைசி அசை அரசனைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லைப் போல ஒலித்த ஒரே காரணத்தால் ‘கிங்’ ஆகிப்போனார்கள்.

1601-இல் கின்சேல் போரில் ஐரிஷ் தலைவர்கள் தோற்றார்கள். 1650-களில் இங்கிலாந்தின் குரோம்வெல் ஆட்சி நிலங்களைப் பறித்தது. பழைய தலைவர்களின் காலம் அத்தோடு முடிந்து, நிலம், நீதிமன்றம், வரி எல்லாம் ஆங்கிலத்தில் நடந்த நிலையில் ‘ஓ’வும் ‘மக்’கும் பாரமாயின. அவற்றை வைத்துக்கொள்வதால் பயனில்லை, விட்டால் தொல்லை குறைவு என்ற நிலையில் பல குடும்பங்கள் உதிர்த்துவிட்டன. 1893-இல் ஐரிஷ் மொழி இயக்கம் தொடங்கிய பிறகு ஓ’சல்லிவன், ஓ’கானர் போன்ற பெயர்களில் ‘ஓ’ பெருமளவில் திரும்ப வந்தது. மர்ஃபியில் அப்படி வரவில்லை. ‘ஓ’மர்ஃபி’ இன்றும் அரிது. ஐரிஷ் மொழியில் எழுதும்போது மட்டும் அந்த ‘ஓ’ தன் இடத்துக்குத் திரும்புகிறது.

சுருங்கச் சொன்னால், இன்றைய எழுத்து வடிவம் குடும்பம் தேர்ந்ததாக இல்லாமல், எப்போதோ ஓர் எழுத்தர் கேட்டு எழுதியதாகவே பெரும்பாலும் இருக்கிறது. அது நிலைபெற்றது பதிவேடுகளும் பள்ளிக்கூடமும் வந்த பிறகுதான்.

ஊர் தெரிய வேண்டும்

1890-இல் அயர்லாந்தில் பதிவான பிறப்புகளைப் பெயர்வாரியாக எண்ணிப் பார்த்தபோது மர்ஃபிகளே முதலிடத்தில் வந்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 1,386 குழந்தைகள். இத்தனை பேரில் ஒரு குடும்பத்தின் வேரைத் தேட வேண்டுமானால் பெயரின் எழுத்தை ஆராய்வதால் பயனில்லை. எந்த ஊர், எந்தத் தேவாலயப் பங்கு என்று கேட்க வேண்டும். வெக்ஸ்ஃபர்டா, கார்க்கா, ஆர்மாவா என்று தெரிந்தால்தான் எந்த முர்ஹத் என்ற கேள்விக்கே பொருள் உண்டு.

பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1864 முதல் உள்ளன. நிலத்தையும் குடித்தனக்காரரையும் பட்டியலிட்ட கிரிஃபித்தின் மதிப்பீடு 1847-க்கும் 1864-க்கும் இடையில் வெளிவந்தது. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் முழுமையாக உள்ளன. இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் மிகச் சிலவே மிஞ்சியுள்ளன. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி, 1922 ஜூன் மாதம் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது அழிந்தது. பல நூற்றாண்டுக் காகிதங்கள் கருகி நகரத்தின் மேல் பறந்தன. தேடும்போது மர்ஃபி, மார்ஃபி, மர்ஃபே என்று எல்லா வடிவங்களையும் பார்ப்பது அவசியம்.

இத்தனை மர்ஃபிகள் ஒரே வட்டாரத்தில் வாழும்போது அவர்கள் தமக்குள் எப்படி அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்ற கேள்வி எழும். குடும்பப் பெயர் அங்கே உதவுவதில்லை. செம்பட்டைத் தலையர், கறுத்தவர் என்பதுபோல் ஒரு கிளைக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ஐரிஷ் மொழி இன்னும் வீட்டில் பேசப்படும் மேற்குக் கரை ஊர்களிலோ அஞ்சல்காரர் முதல் பக்கத்து வீட்டார் வரை பெரும்பாலும் குடும்பப் பெயரைச் சொல்வதில்லை. ‘ஷான் பேடி மிகில்’ என்பார்கள்: மிகிலின் மகன் பேடி, அவன் மகன் ஷான். அடுத்த தலைமுறையில் மிகில் உதிர்ந்து, ஷானின் பெயர் நடுவில் வரும்.